உறுதிமொழியும் வழித்துணையும்: யாழ்ப்பாணத்து மதுவொழிப்பு வரலாற்றில் ஒரு விடுபாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மதுவுக்கெதிராக எழுந்த முயற்சிகளின் வரலாறு நீண்டது. அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்து சேர்ந்த 1816ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடின் அது இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது. அவ்வரலாறு பற்றிப் பேசியோர் பொதுவாக இரு வினாக்களுக்கே விடை தேடியுள்ளனர். குடியை எதிர்த்தவர் யாவர் என்பது ஒன்று. தவறணைகள் எவ்வாறு மூடப்பட்டன என்பது மற்றொன்று. மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. குடிக்கு ஆட்பட்டிருந்த மனிதன் அதிலிருந்து மீள விரும்பியபோது யாரிடம் போனான்? அவனோடு கூட நடந்தவர் யார்? இவ்வினாவையே நாம் இக்கட்டுரையில் எழுப்ப விரும்புகின்றோம். சபைகளின் அறிக்கைகளும் சட்டசபை விவாதங்களும் முதலிரு வினாக்களுக்கும் தாராளமாக விடை தருகின்றன. மூன்றாவதற்கு அவை தரும் விடை மிகச் சிறிது. அச்சிறுமையே நமது ஆய்வுப் பொருளாகும்.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றி இன்று உலகெங்கும் பரவியுள்ள 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' என்னும் குடிநோயாளர் கூட்டுறவில் இம்மூன்றாவது வினாவே மையப்பொருளாக அமைந்துள்ளது. அங்கு புதிதாக வருபவர், குடியை விட்டுச் சில காலமேனும் கழித்த இன்னொரு குடிநோயாளரைத் தம் துணையாகத் தெரிந்துகொள்கின்றார். அத்துணைவர் ஆங்கிலத்தில் 'ஸ்பொன்சர்' எனப்படுவர். அவர் வைத்தியர் அல்லர், மதகுரு அல்லர், ஊதியம் பெறுபவரும் அல்லர். தாமும் குடித்தவர் என்பதும், இன்று குடியாதிருக்கின்றார் என்பதுமே அவரது தகைமைகள்.

இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பது வெறும் மொழிபெயர்ப்புப் பிரச்சினை அன்று. அகராதிகள் 'புரவலர்' என்பர். விளையாட்டுப் போட்டிக்கும் நூல் வெளியீட்டுக்கும் பணம் உதவுபவரை அவ்வாறு அழைப்பது பொருந்தும். இங்கு அது முற்றிலும் பொருந்தாது. புரவலன் இருக்குமிடத்தில் இரவலன் ஒருவன் இருந்தே தீரவேண்டும். கொடுப்பவன் மேலே, கொள்பவன் கீழே. கத்தோலிக்க வழக்கில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளைக்குப் பொறுப்பு நிற்கும் ஞானத்தந்தையும் ஞானத்தாயும் ஆங்கிலத்தில் இதே சொல்லால் அழைக்கப்படுவதுண்டு. அதுவும் பெரியவர் சிறியவர் என்ற உறவே. பிணை நிற்பவர் என்பது சொல்லின் மூலப்பொருளுக்கு நெருங்கியது. ஒகையோ மாநிலத்தில் இக்கூட்டுறவு தோன்றிய காலத்தில், குடியால் நலிந்தவர்களை ஏற்க வைத்தியசாலைகள் தயங்கின. அக்ரன் நகரின் புனித தோமையார் வைத்தியசாலையில் 1939இல் அருட்சகோதரி இக்னேஷியா இவர்களைச் சேர்க்கத் தொடங்கியபோது, முன்னரே மீண்ட ஒருவர் ஒவ்வொரு நோயாளிக்கும் பொறுப்பு நிற்க வேண்டியிருந்தது. ஆயினும் பிணை என்பது வாசலோடு முடிந்துவிடும். இவ்வுறவோ வாசலில்தான் தொடங்குகின்றது.

எமது இலக்கிய மரபில் இவ்வுறவுக்கு மிக அண்மையில் நிற்பது ஆற்றுப்படை என்னும் துறையாகும். பரிசில் பெற்று மீளும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வறுமையோடு எதிர்ப்படும் தன் இனத்தவனுக்குத் தான் சென்ற வழியைக் கூறுவது அதன் இலக்கணம் எனத் தொல்காப்பியம் வகுக்கின்றது. வழி கூறுபவன் மன்னனும் அல்லன், புலவர் தலைவனும் அல்லன். நேற்றுவரை அதே கந்தையோடு அலைந்தவன். பொருநராற்றுப்படையில் அவன் தனது பழைய உடையின் ஈரையும் பேனையும் மறைக்காமல் சொல்கின்றான். தன் இழிநிலையை ஒளியாது கூறுவதனாலேயே அவன் சொல் நம்பத்தக்கதாகின்றது. அவனுக்குக் கிடைத்த உபசாரங்களுள் மதுவும் ஒன்று என்பதை இவ்விடத்தில் மறந்துவிடுவது நன்று! புரவலன் வேறு, ஆற்றுப்படுத்துவோன் வேறு என்ற வேறுபாடே நமக்கு வேண்டியது. ஈழத்தில் உளவளத்துணைப் பணியைக் குறிக்க 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல் அண்மைக் காலத்தில் வழக்கிற்கு வந்துள்ளமை இவ்வகையில் பொருத்தமானதே. ஆயின் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் ஒருவர் செய்யும் பணிக்கே அச்சொல் இன்று பெரிதும் வழங்குகின்றது. பழைய இலக்கணத்தில் இருந்த 'அதே நிலையிலிருந்து வந்தவன்' என்ற நிபந்தனை அதில் விடுபட்டுப் போயிற்று.

இனி வரலாற்றுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன், பொஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வெளிநாட்டு மிஷன் சபையினால் அனுப்பப்பட்டது. அதே பொஸ்டனில்தான் 1826இல் அமெரிக்க மதுவொழிப்புச் சங்கம் நிறுவப்பட்டது. வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் மகளிர் பாடசாலை 1824இலும் தொடங்கப்பட்டன. எனவே நியூ இங்கிலாந்தின் மதுவெதிர்ப்பு ஒழுக்கவியலும் யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியும் சமகாலத்தவை. ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. மதுவை முற்றாக விலக்குவதாக உறுதிமொழி எடுத்தல் அவ்வொழுக்கவியலின் உயிர்நாடி. அமெரிக்கச் சங்கத்தின் நோக்கத்தை அதன் தலைவர்கள் ஒளிக்கவில்லை. குடியாதவர் குடியாதவராகவே இருக்கச் செய்தல் வேண்டும். இப்போதுள்ள குடிகாரர் தம் காலத்தில் இறந்து மறைவர். அடுத்த தலைமுறை தூயதாக எழும். இதுவே அவர்களது கணக்கு. குடிகாரனை மீட்பது அக்கணக்கில் ஒரு செலவினமாகக்கூட இடம்பெறவில்லை.

அந்நாட்டிலேயே இதற்கு நேர்மாறான இயக்கமொன்று விரைவில் தோன்றியது. 1840 ஏப்பிரலில் பால்டிமோர் நகரின் ஒரு தவறணையில் கூடிய குடிப்பழக்கமுடைய ஆறு பேர், தாமே குடியை விடுவதென்றும் ஒவ்வொருவரும் இன்னொரு குடிகாரனை அழைத்து வருவதென்றும் தீர்மானித்தனர். வாஷிங்டன் பெயரைச் சூடிய அச்சங்கம் சில ஆண்டுகளிலேயே இலட்சக்கணக்கானோரைக் கவர்ந்தது. பிரசங்கம் அங்கு இல்லை. எழுந்து நின்று தன் கதையைச் சொல்லும் மனிதன் இருந்தான். 1842 பெப்ருவரி 22இல் ஸ்பிறிங்பீல்ட் நகரில் இச்சங்கத்தின் முன் உரையாற்றிய ஆபிரகாம் லிங்கன், முன்னைய மதுவெதிர்ப்பு முயற்சிகள் தோற்றமைக்குப் போதகரும் வழக்கறிஞரும் கூலிப் பிரசாரகருமே அவற்றை நடத்தியமை காரணம் எனச் சுட்டிக்காட்டினார். மக்களோடு அவர்களுக்கு ஒட்டுறவு இல்லை. மீண்ட குடிகாரனின் சொல்லுக்கோ யாரும் மறுமொழி கூற இயலாது என்பது அவர் வாதம்.

இவ்வுரைக்கு ஓராண்டு முன்னரே, 1841இல், யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' வெளிவரத் தொடங்கிவிட்டது. பொஸ்டனிலிருந்து கப்பல்கள் வந்தன, புத்தகங்கள் வந்தன, அச்சியந்திரம் வந்தது. உறுதிமொழியும் வந்தது. பால்டிமோரின் ஆறு பேர் கண்ட முறை மட்டும் இங்கு வேரூன்றவில்லை. இதை வெறும் தற்செயல் எனக் கொள்ள முடியாது. மிஷனரிமார் வந்தது போதிப்பதற்கு. செமினரி மாணவன் போதிக்கப்படுவதற்கு இருந்தான். தவறணையில் உட்கார்ந்திருப்பவன் மற்றொருவனுக்கு ஆசானாகலாம் என்ற எண்ணம் அவ்வமைப்பின் எந்தப் படியிலும் பொருந்தாது. 1847 முதல் 1873 வரை மானிப்பாயை மையமாகக் கொண்டு பணியாற்றிய வைத்தியர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே வைத்தியம் கற்பித்து, மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கிய பெருந்தகை. அறிவைச் சொந்த மொழியில் தரவேண்டும் என்பதில் அவருக்கிருந்த தெளிவு அக்காலத்தில் அரியது. ஆனால் அதுவும் அறிந்தவன் அறியாதவனுக்குத் தருவதே. பட்டவன் படுபவனுக்குத் தருவதன்று.

சைவ மறுமலர்ச்சி இவ்விடயத்தில் மிஷனரிமாரோடு மாறுபடவில்லை என்பது கவனத்திற்குரியது. ஆறுமுக நாவலர் (1822–1879) அவர்களோடு பல முனைகளில் பொருதியவர். ஆயின் அவரது நான்காம் பாலபாடத்தில், கொலை, புலாலுண்ணல் முதலியவற்றின் வரிசையில் கள்ளுண்ணலும் தனிப்பாடமாக இடம்பெறுகின்றது. பாடசாலைப் பிள்ளை அதை மனனம் செய்தது. கள் பாவம் என்பதில் வேதக்காரரும் சைவரும் ஒன்றுபட்டனர். ஒருவருக்கு வேதாகமமும் மற்றவருக்குச் சாத்திரமும் ஆதாரமாயின. குடிகாரன் இருவருக்கும் ஓர் எச்சரிக்கைப் படமாகப் பயன்பட்டான்.

திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தை இங்கு நினைவுகூர்வது பொருந்தும். கள்ளுண்ணாமை பற்றிய அவ்வதிகாரம் கண்டனங்கள் நிறைந்தது. எனினும் அதன் இறுதி இரு குறள்களும் கண்டனத்தைக் கடந்து செல்கின்றன. வெறித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முனைவதன் வீண்மையை, நீருள் மூழ்கினவனைத் தீவிளக்கால் தேடும் செயலோடு 929ஆம் குறள் ஒப்பிடுகின்றது. குடிப்பவன் ஒருவன், தான் தெளிந்திருக்கும் வேளையில் வெறித்த இன்னொருவனைக் காணும்போது தன் நிலையை எண்ணமாட்டானா என்று 930ஆம் குறள் வினவுகின்றது. அறிவுரை செல்லாத இடத்தில் ஒரு குடிகாரனின் காட்சி இன்னொரு குடிகாரனுக்குச் செல்லும் என்ற உண்மையின் முற்பாதி அங்கு உண்டு. பாலபாட மரபு அக்குறளை ஓதியது. அதன் வழியே நடந்து பார்க்கவில்லை.

கள்ளின் பொருளாதாரத்தை விடுத்து இவ்வரலாற்றை எழுதுவது அரைகுறையே ஆகும். குடாநாட்டின் வாழ்வு பனையைச் சார்ந்தது. ஓலை வேலியாயும் கூரையாயும் ஆயிற்று, கிழங்கும் ஒடியலும் பஞ்ச காலத்து உணவாயின, பதநீர் பனங்கட்டியாயிற்று, கள் நாளாந்த உழைப்பாளியின் பானமாயிற்று. மரம் காணிக்காரனுக்குச் சொந்தம். அதில் ஏறிப் பாளை சீவியவர் பெரும்பாலும் நளவர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். தவறணைக் குத்தகை பணமுடையவனுக்கு, வரி அரசாங்கத்துக்கு. தென்னிலங்கையில் சாராயக் குத்தகை பூர்வீக மூலதனத் திரட்சிக்கு வழிவகுத்தமையைக் குமாரி ஜயவர்த்தன விரிவாக ஆராய்ந்துள்ளார். கள்ளினால் யார் பொருள் ஈட்டினர், அதற்காக யார் பழி சுமந்தனர் என்ற வினா குடாநாட்டுக்கும் உரியது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்தவனின் பெயர் எந்த மதுவொழிப்புச் சபையின் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. 'கள் குடிக்கும் சாதி' என்ற வசை மட்டும் அவனுக்கு எஞ்சியது. வேளாளக் கமக்காரன் தன் வளவிலே பிளாவில் வார்ப்பித்துக் குடித்த கள் அந்த வசைக்குள் அடங்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் மதுவெதிர்ப்பு அரசியலாயிற்று. 1904இலும் 1912இலும் தென்னிலங்கையில் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் பௌத்த மறுமலர்ச்சியோடும் குடியேற்றவாத எதிர்ப்போடும் இணைந்தவை. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறையிடப்பட்ட சிங்களத் தலைவர்களுட் பலர் மதுவிலக்கு இயக்கத்தவர். அவர்களுக்காகச் சட்டசபையில் வாதாடியவர் பொன்னம்பலம் இராமநாதன். ஊர் வாக்கெடுப்பினால் தவறணைகளை மூடும் உரிமை பின்னர் சட்டத்தின்வழி கிடைத்தது. குடாநாட்டிலும் அது பயன்படுத்தப்பட்டது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற அமைப்பு, ஹண்டி பேரின்பநாயகம் போன்றோரின் முயற்சியால் 1927 நவம்பரில் காந்தியடிகளை இங்கு வரவழைத்தது. தீண்டாமை ஒழிப்பும் மதுவிலக்கும் காந்தியத்தின் பிரிக்கவொண்ணாக் கூறுகள். வாலிப காங்கிரஸ் சாதியத்துக்கெதிராகச் சமபந்தி போசனம் போன்ற துணிவான செயல்களில் இறங்கியமையை நாம் மதிக்கின்றோம். எனினும் மதுவைப் பொறுத்தவரை மேடையும் தீர்மானமும் வாக்குப்பெட்டியுமே அக்காலத்தின் கருவிகள். தவறணை மூடப்பட்ட மறுநாள் காலை, கைநடுக்கத்தோடு எழும் மனிதனுக்கு அக்கருவிகள் எதையும் சொல்லவில்லை. அவன் வேலிக்குப் பின்னால் கசிப்பைத் தேடிப் போனான். கசிப்பு காய்ச்சுவோர் இருந்தனர்.

உறுதிமொழி, சாத்திரம், சட்டம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான குணம் ஒன்றுண்டு. மூன்றிலும் குடிகாரன் செயப்படுபொருளாகவே நிற்கின்றான். எழுவாயாக ஒருபோதும் வருவதில்லை. 1935இல் அக்ரனில் நிகழ்ந்தது அவன் எழுவாயாகிய நிகழ்வாகும். அதன் கதை பலரும் அறிந்ததே. நமது நோக்கிற்கு வேண்டிய அளவே இங்கு கூறுகின்றோம். நியூயோர்க்கின் பங்குச்சந்தைத் தரகர் பில் வில்சன், 1934 திசம்பரில் குடியை விட்டவர். அவரை அவ்வழிக்குத் திருப்பியவர் பழைய குடித்தோழர் எபி தாச்சர். ஐந்து மாதங்களின் பின் தொழில் முயற்சியொன்று தோல்வியுற்ற நிலையில், அறிமுகமற்ற அக்ரன் நகரத்து விடுதியொன்றின் முன்கூடத்தில் வில்சன் தனித்து நின்றார். ஒரு பக்கம் மதுச்சாலை, மறுபக்கம் தொலைபேசி. அவர் தேடியது வைத்தியரை அன்று, போதகரை அன்று, இன்னொரு குடிகாரரை. தேவாலயங்களின் வழியாகத் தேடிக் கிடைத்தவர் சத்திரசிகிச்சை வைத்தியர் றொபேட் ஸ்மித். கால் மணி நேரமே பேச இசைந்த அவர் ஆறு மணி நேரத்துக்குமேல் இருந்தார். குடியைப் பற்றித் தம் வைத்திய அறிவு முழுவதும் உரைக்காததை, குடித்தவர் ஒருவரின் அனுபவம் உரைத்தது என்று அவர் பின்னர் கூறினார். 1935 யூன் 10ஆம் நாள் அவர் இறுதியாகக் குடித்த நாள். அதுவே கூட்டுறவின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகின்றது.

இந்நிகழ்ச்சியில் உதவியவர் யார், உதவி பெற்றவர் யார் என்று பிரிக்க முடியாமை நோக்கற்பாலது. வில்சன் தொலைபேசியை எடுத்தது ஸ்மித்தைக் காப்பாற்ற அன்று. தாம் அன்றிரவு குடியாதிருக்க. துணைவர் உறவின் அடிப்படைத் தருக்கம் இதுவே. கொடுப்பவன் கொடுப்பதனாலேயே பெறுகின்றான். ஆகையால் அவனுக்கு நன்றிக்கடன் இல்லை, பட்டமும் இல்லை. எபி தாச்சரின் கதை இதற்கு மேலும் விளக்கம் தருகின்றது. அவர் பின்னர் மீண்டும் குடித்தார். பலமுறை விழுந்து எழுந்தார். அப்படியிருந்தும் வில்சன் இறுதிவரை அவரையே தம் துணைவர் என்று குறிப்பிட்டு வந்தார். குரு தவறினால் சீடன் வழி தவறும் என்ற நமது எண்ணம் இங்கு செல்லாது. வழி சொன்னவன் விழலாம். சொன்ன வழி நிற்கும்.

துணைவரைத் தேடுவதும் அவரோடு இயங்குவதும் எவ்வாறு என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். புதியவர் பல கூட்டங்களுக்குச் சென்று கேட்கின்றார். யாருடைய கதையில் தன் கதையைக் காண்கின்றாரோ, யார் சொல்வதுபோலவே வாழ்கின்றாரோ அவரிடம் சென்று நேரே கேட்கின்றார். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் துணையாதல் பொது வழக்கு. பொருந்தாவிடின் மாற்றிக்கொள்ளலாம், அதில் இழுக்கில்லை. பின்னர் இருவரும் 1939இல் வெளியான அடிப்படை நூல் கூறும் பன்னிரு படிகளையும் ஒவ்வொன்றாகக் கடக்கின்றனர். நான்காம் படியில் புதியவர் தம் வாழ்வின் கணக்கை அச்சமின்றி எழுதவேண்டும். ஐந்தாம் படியில் அதனை இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுக் கூறவேண்டும். ஒன்பதாம் படியில், தாம் தீங்கிழைத்தவர்களிடம் சென்று, அது மேலும் தீங்காகாதவிடத்து, ஈடு செய்யவேண்டும். துணைவர் கட்டளையிடுவதில்லை, தாம் அப்படியில் என்ன செய்தார் என்பதையே கூறுகின்றார். குடிக்கும் உந்துதல் எழும் நள்ளிரவில் அழைப்பதற்கு ஓர் ஆள் இருத்தல், நடைமுறையில், இவையனைத்தினும் பெரிது எனலாம். படிகளிற் பேசப்படும் கடவுளைத் தாம் விளங்கிக்கொண்டவாறு கொள்ளலாம் என்ற இடைவெளி, தொடக்ககால உறுப்பினருட் கடவுள் மறுப்பாளரும் இருந்தமையால் கிடைத்தது. முற்போக்கு வாசகருக்கு இது முழுத் திருப்தி தராது என்பதை நாம் அறிவோம். ஆயினும் 2020இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, இம்முறையும் இதனோடு இணைக்கும் சிகிச்சைகளும் மதுவை முற்றாக விலக்கி நிற்கச் செய்வதில் பிற நிறுவப்பட்ட சிகிச்சைகளுக்குக் குறையாதவை, சில அளவுகோல்களில் மேம்பட்டவை என முடிவு கூறியது. அதன் பயனை மறுப்பது இன்று எளிதன்று.

மேலும் ஒன்று. வாஷிங்டன் சங்கம் மதுவிலக்குச் சட்டம், அடிமை ஒழிப்பு முதலிய விவாதங்களில் ஈர்க்கப்பட்டுச் சிதறியமையை இக்கூட்டுறவினர் கூர்ந்து கற்றனர். எனவேதான் 1953இல் நூலாக வந்த அவர்களது மரபுகளுள் பத்தாவது, வெளி விவகாரங்களில் கூட்டுறவு கருத்துக் கூறாது என்கின்றது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா என்று கேட்டாலும் அவர்களிடம் விடை இல்லை. யாழ்ப்பாணத்து மதுவொழிப்பு மரபு இதற்கு நேரெதிர்த் திசையில் சென்றதை மேலே கண்டோம்.

தமிழ் கூறும் நல்லுலகிற்கு இம்முறை வேற்றுப் பொருளாக இன்று இல்லை. இந்தியாவில் 1957 அளவில் இக்கூட்டுறவு தொடங்கிற்று. சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையம், வைத்தியத்தையும் குடும்பத்தினருக்கான துணையையும் இணைத்துப் பணியாற்றி வருகின்றது. 'குடிகாரன்' என்ற வசைக்குப் பதிலாகக் 'குடிநோயாளி' என்ற சொல் தமிழில் நிலைபெற்றதில் இத்தகைய நிலையங்களுக்குப் பங்குண்டு.

யாழ்ப்பாணத்தில் இவ்வுறவு எதிர்கொள்ளும் தடைகளை இனி நோக்கலாம். முதலாவது, பெயர் மறைத்தல். பால்டிமோரிலோ சென்னையிலோ கூட்டத்துக்குள் நுழைபவனை வீதியில் யாரும் அறியார். குடாநாட்டுக் கிராமத்திலோ பனையோலை வேலி கண்ணை மறைக்குமேயன்றிக் காதை மறைக்காது. யார் மகன், எந்தப் பகுதி, யாருக்கு மருமகன் என்பது தெரியாமல் இங்கு எவரும் நடமாட முடியாது. குடிப்பதை மறைக்கவேண்டிய அவசியம் ஆணுக்கு அவ்வளவாக இல்லை. குடியை விடுவதற்கு உதவி தேடுவதையே அவன் மறைக்க விரும்புகின்றான். மானம் என்ற விழுமியம் இவ்வாறு தலைகீழாகச் செயற்படுவது விந்தையே.

இரண்டாவது தடை சாதி. அதனை விரிவாகக் கூறவேண்டியுள்ளது. கூட்டுறவில் ஒருவரையொருவர் முதற்பெயரால் மட்டும் அழைப்பது வழக்கு. பட்டம், குடும்பப் பெயர், பதவி யாவும் வாசலில் விடப்படும். அமெரிக்கனுக்கு இது சமத்துவம். யாழ்ப்பாணத்தில் வெறும் பெயரின் வரலாறு வேறு. ஒடுக்கப்பட்ட சமூகத்து முதியவரை உயர்சாதிச் சிறுவன் பெயர் சொல்லி 'அடா' என்று அழைத்தான். அவர் அச்சிறுவனை 'நயினார்' என்றார். கந்தையா என்று பெயர் வைக்க அவருக்கு உரிமை மறுக்கப்பட்டது. கந்தன் என்றே இருக்கவேண்டும். பெயரின் ஈற்றிலுள்ள ஓரசைக்குள் இச்சமூகம் தன் படிநிலை முழுவதையும் பொறித்து வைத்திருந்தது. ஆகவே இங்கு முதற்பெயர் அழைப்பு ஒருவருக்கு விடுதலையாயும் மற்றவருக்குப் பழைய காயமாயும் அமையக்கூடும். 'அண்ணை', 'தம்பி' என்ற உறவுமுறைச் சொற்கள் இதற்கு ஓரளவு மாற்றாகலாம். ஆனால் யார் யாரை அண்ணை என்று அழைப்பது? குடியை விட்டுப் பத்தாண்டு கழித்த சீவல் தொழிலாளி ஒருவரை, நேற்று விட்ட காணிக்காரர் தம் துணைவராக ஏற்பாரா? அவர் முன்னே அமர்ந்து தம் வாழ்வின் கணக்கை, அதிற் சாதியின் பெயரால் தாம் செய்தவற்றையும் சேர்த்து, வாசிப்பாரா? ஒன்பதாம் படி கோரும் ஈடுசெய்தல், எதிரே இருப்பவருக்கே செய்யவேண்டிய ஈடாக இருக்குமாயின் என்ன நிகழும்?

1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலமும், அதன் வழிவந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்தவையும் பொது இடங்களின் வாசல்களைத் திறந்தன. கே. டானியலின் 'பஞ்சமர்' அக்காலத்தின் சாட்சி. 1970களின் முற்பகுதியில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிக் குத்தகைக்காரனின் பிடியைத் தளர்த்தின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. மரத்தில் ஏறுபவன் தன் உழைப்பின் பயனுக்கு உரித்தாளியாகும் முயற்சிகள் இவை. இவற்றை வெறும் 'மதுப் பெருக்கம்' என ஒதுக்குவோரோடு நாம் உடன்படவில்லை. குடிநோயை ஒழிப்பதும் கள் சீவுபவனை ஒழிப்பதும் ஒன்றல்ல. வாசல்கள் திறந்தமை இரு மனிதர் ஒரு திண்ணையில் சமமாக அமர்வதற்கு முன்னிபந்தனை. ஆனால் அதுவே அமர்தல் ஆகாது.

மூன்றாவதாக, போர். 1983 முதல் 2009 வரையான ஆண்டுகள் குடாநாட்டின் சமூக உடலைச் சிதைத்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வெளியேறியபோது, ஊர் என்ற கண்காணிப்பும் ஊர் என்ற ஆதரவும் ஒருங்கே சிதறின. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் தமிழில் வெளியிட்ட 'மனவடு' முதல், போரின் காயம் தனிமனிதனை மட்டுமன்றிச் சமூகத்தையே தாக்குவதை எடுத்துக்காட்டி வந்துள்ளார். போருக்குப் பிந்திய மதுப் பெருக்கத்தை அவர் அக்கூட்டுக் காயத்தின் வெளிப்பாடுகளுள் ஒன்றாகக் காண்கின்றார். 1987இல் தோன்றிய சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளரைப் பயிற்றி ஊர்களுக்கு அனுப்பின. குடாநாட்டில் 'இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதல்' என்ற செயல் மதிப்புப் பெற்றதற்கு அப்பணி முக்கிய காரணம். மூன்று தலைமுறை மதுவொழிப்பு மேடைகளால் இயலாததை அது செய்தது என்பது எமது மதிப்பீடு.

இடதுசாரி நண்பர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. வேலையின்மை, காணியிழப்பு, நுண்கடன், மதுக் கம்பனிகளின் விற்பனை உத்திகள் ஆகியவற்றால் விளையும் ஒரு சமூக நோயை, இருவர் அமர்ந்து பேசும் தனிமனித ஒழுக்கமாக இம்முறை சுருக்கிவிடுகின்றது. பத்தாம் மரபின் மௌனம் கம்பனிக்கே நன்மை என்பர். இதில் உண்மை இருக்கின்றது. அம்மௌனம் குடிநோயாளர் கூட்டுறவுக்கு உரியது, சமூகத்துக்கு உரியதன்று. தொழிற்சங்கமும் மாதர் சங்கமும் பல்கலைக்கழகமும் பேசவேண்டியதைக் கூட்டுறவு பேசவில்லை என்று குறைகூறுவதில் பயனில்லை. மறுபுறம், அமைப்பு மாறும்வரை காத்திருக்குமாறு கைநடுங்கும் மனிதனுக்குச் சொல்வது, குடிகாரர் தம் காலத்தில் இறந்து மறைவர் என்ற 1826ஆம் ஆண்டுக் கணக்கின் சிவப்பு அச்சுப் பிரதியே ஆகும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். குடிக்கும் பெண்கள் இங்கு இல்லை என்பது ஆண்களின் நம்பிக்கை. அதனால் அவர்களுக்கான துணை தேடுதல் இருமடங்கு கடினம். குடிப்பவரின் மனைவியோ தாயோ உதவி தேடி முதலில் புறப்படுபவர் என்பது வேறொரு செய்தி. அமெரிக்காவில் தொடக்ககாலக் கூட்டங்களுக்குக் கணவரோடு வந்த மனைவியர் வேறாகக் கூடிப் பேசத் தொடங்கினர். அப்பேச்சிலிருந்து லோயிஸ் வில்சனும் தோழியரும் 1951இல் 'அல்-அனன்' என்ற குடும்பத்தினர் கூட்டுறவை உருவாக்கினர். கணவனைத் திருத்துவது எவ்வாறு என்பதோடு தொடங்கிய அவர்கள், தம் சொந்த வாழ்வைப் பற்றிப் பேசுவதில் வந்து நின்றனர். அங்கும் முன்னர் வந்தவள் பின்னர் வந்தவளுக்குத் துணை. குடாநாட்டில் கிராம மாதர் சங்கங்களும் போரால் கணவரை இழந்த பெண்களின் குழுக்களும் பல்லாண்டுகளாக இயங்கி வருகின்றன. கிணற்றடியிலும் கோயில் வீதியிலும் 'உனக்கும் அப்படியோ' என்று ஒருத்தி மற்றவளைக் கேட்பது அவற்றினும் பழையது.